எந்தப் பால்

பால்போல் இருக்க வேண்டும் என்கிறது
குப்பியோடு வந்த துண்டுத்தாள்.
எந்தப் பால்?
ஊலு நகரத்துக் கடையில்
சிவப்புப் பெட்டியில் கொழுத்த பால்,
கருநீலத்தில் அதன் பாதி,
வெளிர்நீலத்தில் ஆடையே அறியாதது.
மூன்றையும் வாங்கி வந்து
மூன்று கிண்ணங்களில் சாய்த்துப் பார்த்தேன்.
சுவரில் வழிந்து இறங்கும்போது
மெல்லிய திரை ஒன்றை விட்டுச் செல்லும் பதம்
வெளிர்நீலத்துக்குச் சற்று மேலே,
கருநீலத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது.
அதற்குப் பெட்டி கிடையாது.
மிச்சத்தையெல்லாம் தௌனோ
காப்பியில் ஊற்றிக் குடித்துத் தீர்த்தான்.

என் மேசையில்
ஒரு முழம்கூட இல்லாத பனியுடைக்கும் கப்பல்.
அடிப்பாகம் கறுப்பு, அது ஒரே நாளில் முடிந்தது.
மேல்தளம் வெள்ளை.
சிவப்பு பிழையை மன்னிக்கும்,
சாம்பல் கண்டும் காணாமல் போகும்,
வெள்ளை ஒன்றையும் மறைக்காது, மறக்காது.

இரவெல்லாம் கலப்பை வண்டியில்
வெள்ளையைத் தள்ளுகிறேன்.
பகலெல்லாம் வெள்ளையைத் தெளிக்கிறேன்.
இடையில் நான்கு மணி நேரம் தூக்கம்.

பத்துத் துளி வண்ணம், பத்துத் துளி தின்னர்.
ஏர்பிரஷ் ஒருமுறை இருமி நின்றது.
ஊசி முனையில் கடுகளவு கட்டி.
பத்துக்குப் பதினாறு:
ஜன்னலோரம் வரிசையாக நட்ட பிளாஸ்டிக் கரண்டிகளில்
சிலந்திக் கால்கள் ஓடின.
காற்றழுத்தத்தைக் குறைத்தேன், கையை நெருக்கினேன்,
சாராயம் கலந்த தின்னரை விட்டு
வடித்த நீருக்கு மாறினேன்.
இருபத்தியிரண்டாம் கரண்டியிலும்
வெள்ளை ரவையாகவே விழுந்தது.
விரலால் தடவினால் மாவாய் வந்தது.

இதற்கெல்லாம் காரணம் ஈரத்துணிதான்
என்று முன்பே தீர்ப்பு எழுதியிருந்தேன்.
கூடத்தில் தௌனோ விரிக்கும் படுக்கை விரிப்புகள்,
அவற்றிலிருந்து பறந்து வந்து
காயாத வண்ணத்தில் குந்தும் பஞ்சிழைகள்.
துணியா, கப்பலா என்று கேட்டேன்.
அவன் பதில் சொல்லாமல்
கூடையைத் தூக்கிக்கொண்டு
நிலவறைக் காயப்போடும் அறைக்கு இறங்கினான்.
மூன்று வாரம் இறங்கினான்.
அந்த மூன்று வாரமும்தான் ரவை.

ஒரு வியாழன் நிலவறையில் இடமில்லை.
நான் உறங்கிக்கொண்டிருந்தபோது
நான்கு விரிப்புகளையும் கூடத்திலேயே விரித்துவிட்டு
கடைக்குப் போய்விட்டான், வேண்டுமென்றே நெடுநேரம்.
எழுந்தவள் கோபத்தோடு
விசிறியைப் போட்டேன், விசையை அழுத்தினேன்.
வெள்ளை நனைந்து விழுந்தது.
விழுந்த இடத்தில் ஒரு மூச்சு பளபளத்து,
தன்னைத் தானே நிரவிக்கொண்டு
மெதுவாய் மங்கி அமர்ந்தது.
கிண்ணத்தில் அதே கலவைதான்.
சுவரில் ஈரமானி நாற்பத்தொன்று காட்டியது.
நேற்று வரை பதினெட்டு.

வெளியே கழித்தல் இருபத்தாறு.
வெந்நீர்க் குழாய்கள் அறையின் ஈரத்தை
உறிஞ்சிக் குடித்திருக்கின்றன.
துளி புறப்படும்போது வண்ணம்,
ஒரு சாண் தாண்டி வந்து சேரும்போது தூள்.

இதை நான் அறியாதவளா?
பதினேழு குளிர்காலம் கலப்பை ஓட்டியவள்.
கடுங்குளிரில் பனி ஒட்டாது,
மணலாய்க் கிறீச்சிடும், தகட்டில் பட்டுப் புகையாய்ப் பறக்கும்.
சற்றே ஈரம் ஏறட்டும்,
சுவராகவே சாய்ந்து படியும்.
வண்டியில் இருந்த அறிவை
வாசலில் பூட்ஸோடு கழற்றி வைத்துவிட்டு
நாள்தோறும் மேசைக்கு வந்திருக்கிறேன்.

மறுநாள் தௌனோவிடம் கேட்டேன்,
இன்றும் துவைப்பாயா?
அழுக்குத் துணி இல்லையே என்றான்.
என்னைப் பார்த்தான், கரண்டிகளைப் பார்த்தான்,
அலமாரியில் மடித்து வைத்த விரிப்புகளை
ஒவ்வொன்றாய் எடுத்து இயந்திரத்துக்குள் திணித்தான்.

ஏழு பூச்சு. முதல் மூன்றும்
பூசினேனா என்று எனக்கே சந்தேகம்.
புகைபோக்கியின் நிழலில்
ஒரு பஞ்சிழை ஒட்டியிருக்கிறது,
நீலம், அவனுடைய தலையணை உறை.
இடுக்கியை எடுத்தேன்.
பிறகு காப்பி ஆறிப்போகிறதென்று கூப்பிட்டான்.